சாமிக்கு ஏன் நம்மைப் போல முகம்?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியிலிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். வந்த நாளிலிருந்து ஒரே கேள்வி: "எல்லாச் சாமிக்கும் ஏன்மா நம்மள மாதிரியே கண்ணு, மூக்கு, கை, கால்? அப்போ மனுஷன்தானே சாமியக் கற்பனை பண்ணியிருக்கான்?" என் மாமனார், "சாமி விஷயத்துல குதர்க்கம் பேசாதே" என்று அதட்டிவிட்டார். பிள்ளை முகம் சுருங்கிப் போனது. பொய் சொல்லாமலும் பெரியவர் மனம் நோகாமலும் அவனுக்கு என்ன பதில் சொல்வது? – பெரம்பூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமனாரிடம் சொல்ல ஒரு செய்தி. பேரன் கேட்டது குதர்க்கம் இல்லை, நம் பழைய ஆசிரியர்களே உட்கார்ந்து விவாதித்த கேள்வி. வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்ல எழுந்தது யாஸ்கரின் நிருக்தம். கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முந்திய நூல். அதன் ஏழாம் அத்தியாயத்தில் இதே வினா வருகிறது: தேவர்களுக்கு மனித வடிவம் உண்டா, இல்லையா? உண்டு என்பவர்கள் சொல்லும் காரணம் இது. அறிவுள்ளவர்களைப் புகழ்வது போலத்தானே அவர்களைப் புகழ்கிறோம்? தோள், கை என்று உறுப்புச் சொல்லிப் பாடுகிறோம், "உண், பருகு, கேள்" என்று வேண்டுகிறோம். இல்லை என்பவர்கள் கேட்பது வேறு. தீ, காற்று, சூரியன், நிலம் ஆகிய இவைதானே கண்ணுக்குத் தெரியும் தேவர்கள், இவற்றில் எதற்கு மனித வடிவம் இருக்கிறது? சூதாடு காயையும் மூலிகையையும்கூட உயிருள்ளவை போலப் பாடுகிறோமே, பாட்டில் கை வந்துவிட்டால் நிஜத்தில் கை இருப்பதாக ஆகிவிடுமா? இரண்டு வகையாகவும் இருக்கலாம் என்ற கருத்தையும் யாஸ்கர் எடுத்துச் சொல்கிறார். கேட்டவரை யாரும் அதட்டவில்லை.

கிரேக்கத்தில் கி.மு. 6ஆம் நூற்றாண்டுத் தத்துவஞானியான செனோபனீஸ் இன்னும் கூர்மையாகவே கேட்டார். எத்தியோப்பியர் தம் தெய்வங்களைச் சப்பை மூக்கும் கறுப்பு நிறமுமாக நினைக்கிறார்கள். திரேசியர் நீலக் கண்ணும் செம்பட்டை முடியுமாக நினைக்கிறார்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்து வரையத் தெரிந்தால், மாடு மாட்டைப் போலவும் குதிரை குதிரையைப் போலவும் தெய்வத்தை வரையும் என்றார். அவர் தெய்வத்தையே மறுத்தவர் அல்லர். உருவிலும் எண்ணத்திலும் மனிதரைப் போல் இல்லாத ஒரு பெரிய தெய்வம் உண்டு என்பதே அவர் கொள்கை.

இனி மகனின் கேள்விக்கு வருகிறேன். அவன் கேள்வியில் திருத்த வேண்டியது ஒரு சொல்தான்: "எல்லாச் சாமிக்கும்". அதற்கு மயிலாப்பூருக்கு ஒரு நடை போய் வந்தால் போதும். கபாலீசுவரர் கருவறையில் இருப்பது லிங்கம், கண்ணும் மூக்கும் கிடையாது. அங்கிருந்து சில தெரு தள்ளி முண்டகக்கண்ணி அம்மன், ஓலைக் கூரையின் கீழ் தாமரை மொட்டுப் போன்ற ஒரு கல். ஆனால் பங்குனிப் பெருவிழாவில் அதே கபாலீசுவரர் மாடவீதிக்கு வரும்போது முகத்தோடும் கைகளோடும் உற்சவராக வருகிறார். உள்ளே மூலவராக இருக்க அவருக்கு முகம் தேவைப்படவில்லை; தெருவில் நம்மைப் பார்க்க வரும்போது தேவைப்படுகிறது. என் பதிலின் சாரம் இதுதான். பழங்காலத்தார் மனித உருவம் கொடுத்தது, தெய்வம் மனிதனைப் போல *இருக்கிறது* என்று நினைத்ததால் அல்ல. தெய்வத்தோடு பேச, முறையிட, கோபித்துக்கொள்ள, ஊட்டிவிட எதிரே ஒரு முகம் வேண்டியிருந்தது. மகனுக்கு அவன் பாஷையிலேயே சொல்லுங்கள்: "ஃபோன்ல பேசினாலும் வீடியோ கால் போடுன்னு பாட்டி கேக்குறாங்க இல்ல? அது மாதிரிதான்."

கிராமத்து எல்லையில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, இரண்டு வெள்ளிக் கண்மலரை ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் உளி படவில்லை. மூக்கு இல்லை, வாய் இல்லை. கண் இரண்டும் பதிந்ததும் கல் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. இது நம் மனம் வேலை செய்யும் முறை. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகூட, முகம் போல அமைந்த புள்ளிகள் நகரும்போது மற்ற வடிவங்களைவிட அதையே அதிகம் தொடர்ந்து பார்க்கும் என்பது சோதனையில் கண்டது. 1944-ல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு குறும்படம் காட்டினார்கள். அதில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு சிறிய வட்டம், கதவு போலத் திறக்கும் ஒரு கட்டம், அவ்வளவுதான். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் ஆட்களின் கதை சொன்னார்கள்: பெரியவன் மிரட்டுகிறான், சின்னவன் காப்பாற்றுகிறான், வட்டம் பயந்து ஒளிகிறது. முக்கோணம் நகர்ந்தாலே ஆளாகிவிடும் மனதுக்கு, இடியும் மழையும் அம்மை நோயும் ஆள் இல்லாமல் நடக்கின்றன என்று நினைப்பதுதான் கடினம்.

இதில் இன்னொரு சோதனை உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் சுவையாக இருக்கும். 1996-ல் ஜஸ்டின் பாரெட், ஃபிராங்க் கீல் என்ற உளவியலாளர்கள், "கடவுள் எங்கும் இருப்பவர், ஒரே நேரத்தில் எத்தனை காரியமும் செய்வார்" என்று உறுதியாகச் சொன்னவர்களுக்குச் சில கதைகள் கொடுத்தார்கள். ஒன்றில், ஆற்றுப் பாறையிடுக்கில் கால் சிக்கிய பையன் வேண்டுகிறான். கடவுள் அப்போது உலகின் வேறொரு மூலையில் இன்னொரு வேண்டுதலுக்குச் செவி கொடுத்துக்கொண்டிருந்தும், சீக்கிரமே பாறையைத் தள்ளிவிடுகிறார். பிறகு கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், "அங்கே முடித்துவிட்டு இங்கே வந்தார்" என்று பலரும் சொன்னார்கள். கொள்கையில் எங்கும் நிறைந்தவர், கதையில் ஒரு இடத்தில் நிற்கும் ஒரு ஆள். வட இந்தியாவில் இந்துக்களிடம் செய்து 1998-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்குதான் தெரிந்தது. சிலை இல்லாத மதத்திலும் இது நடக்கும். சிரியாவின் துரா யூரோபோஸ் நகரத்து யூதத் தொழுகைக் கூடம் கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கடவுளுக்கு உருவம் செய்யக் கூடாது என்ற கட்டளை உள்ள மரபு அது. சுவரோவியத்தில் கடவுளை வரையவில்லை. மேலிருந்து நீளும் ஒரு கையை மட்டும் வரைந்தார்கள்.

சரி, உருவம் எப்போது வந்தது? நம் நிலத்தில் வரிசையாகவே பார்க்கலாம். பட்டினப்பாலையில், கரிகாலன் அழித்த பகைவர் ஊரைப் பாடும் இடத்தில், பலர் தொழும் பொதியிலில் (ஊர்ப் பொதுமன்றத்தில்) இருப்பது கந்து, அதாவது நட்ட தூண். மெழுகிப் பூவிட்ட தரையில் அந்தியில் ஏற்றிய அணையா விளக்கு. ஆனால் தூணுக்கு முகம் சொல்லப்படவில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து மட்டும் உண்டு, வீரனின் உருவம் இல்லை. பல நூற்றாண்டு கழித்து, பல்லவர் காலத்துச் செங்கம் வட்டார நடுகற்களில் வீரன் வில்லும் வாளுமாக நிற்கிறான். நடுவில் நடந்தது என்ன என்று கண்ணால் பார்க்க, சென்னையிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ரேணிகுண்டா பக்கம் குடிமல்லம், பரசுராமேசுவரர் கோயில். ஐந்தடி அளவுள்ள லிங்கம். அதன் முன்பக்கத்தில், கல்லிலிருந்து வெளியே வருவது போல, குனிந்த ஒரு பூதகணத்தின் தோள்மேல் நிற்கும் சிவன். கை இரண்டே. ஒரு கையில் ஆட்டுக்கடா தொங்குகிறது. காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு, கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டு என்பார் பலர். தூணும் போகவில்லை, ஆளும் வந்துவிட்டார். இரண்டும் ஒரே கல்.

கிரேக்கமும் இதற்கு விலக்கல்ல. பளிங்குச் சிலைகளுக்குப் பேர்போன அந்த நாட்டில், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய பவுசானியாஸ், ஃபாரே என்ற ஊரில் ஏறக்குறைய முப்பது சதுரக் கற்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வப் பெயர் சொல்லி வணங்குவதைக் கண்டு எழுதினார். முற்காலத்தில் கிரேக்கர் எல்லாருமே செதுக்காத கற்களைத்தான் வணங்கினார்கள் என்றும் குறித்து வைத்தார். துருக்கியின் கோபெக்லி தெப்பேயில் பதினோராயிரம் ஆண்டுக்கும் முந்திய கல்தூண்கள், உயரமானவை ஐந்தரை மீட்டர். பக்கவாட்டில் மடங்கிய கைகள், இடைக்கச்சைக்கு மேலே கூடும் விரல்கள், இடுப்பில் தோலாடை எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். முகம் மட்டும் இல்லை. அவை தெய்வங்களா முன்னோர்களா என்பதில் தொல்லியலாளர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. விரல் செதுக்கத் தெரிந்தவனுக்கு மூக்குச் செதுக்கத் தெரியாமல் போகாது. வேண்டாம் என்று விட்டிருக்கிறான். ஆகவே "அந்தக் காலத்து ஆட்களுக்கு அறிவு அவ்வளவுதான், அதனால் தங்களைப் போலவே செய்து வைத்தார்கள்" என்ற விளக்கத்தை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். அது தவறு என்பதற்கு இந்தத் தூண்களே சாட்சி.

உருவம் வந்த பிறகும், "இது மனிதன் இல்லை" என்று காட்ட எல்லா நாட்டுக் கலைஞரும் மெனக்கெட்டார்கள். மெசபொத்தேமியாவில் கொம்பு வைத்த தொப்பி இருந்தால் தெய்வம், இல்லாவிட்டால் அரசன். எகிப்தில் ஹாத்தோர் தேவியைப் பசுவாகவும், பசுக்காது வைத்த பெண்ணாகவும், தலையில் கொம்பு சூடிய பெண்ணாகவும், மூன்று விதமாகவும் செய்தார்கள். எதுவும் அவளுடைய நேர்ப் படம் அல்ல என்பது செய்தவனுக்குத் தெரியும். நம் சிற்பியோ இதை உடம்பின் ஒவ்வொரு அங்கத்திலும் செய்தான். புருவம் வில் அல்லது வேப்பிலை, கண் கயல்மீன், மூக்கு எள்ளுப்பூ, உதடு கோவைப்பழம், மோவாய் மாங்கொட்டை, கழுத்து சங்கு, தோளிலிருந்து இறங்கும் கை யானைத் துதிக்கை, முழங்கால் நண்டின் ஓடு. ஆண் உடலின் மார்பும் வயிறும் சேர்ந்த பகுதி நேரே பார்க்கும் பசுவின் முகம். பெண்ணின் இடை உடுக்கை. நரம்பு தெரியாது, எலும்பு தெரியாது, வயது எப்போதும் பதினாறு. தூரத்திலிருந்து பார்த்தால் மனித உடல். கிட்டப் போனால் அதில் மனிதனுடைய உறுப்பு என்று ஒன்றுமே இல்லை. மீனும் பூவும் சங்கும் யானையுமாக உலகமே மனித ஒழுங்கில் அடுக்கி நிற்கிறது. எனக்கு இதைவிட அழகான பதில் வேறெந்த மரபிலும் கிடைத்ததில்லை.

அந்த ஒழுங்கின் அளவு தாலக் கணக்கு; தாலம் என்பது ஏறக்குறைய ஒரு முகநீளம், தசதாலம் என்றால் பத்துத் தாலம். சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், மொத்தம் 124 அங்குலம். இது நம் அடிக்கோலின் அங்குலம் அல்ல. சிலையின் உயரத்தை 124 ஆகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. உச்சியிலிருந்து நெற்றிமயிர் வரை 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்தடியிலிருந்து மார்பு 13½, மார்பிலிருந்து உந்தி 13½, உந்தியிலிருந்து குறி 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டிப் பாருங்கள், 124 வரும். அம்மன் சிலைக்கு மத்திம தசதாலம், 120. பிள்ளையாருக்கு ஐந்து தாலம்தான், அதனால்தான் குட்டையும் கொழுக்மொழுக்குமாக இருக்கிறார்.

இதை மகனையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு வாய்ப்பேச்சைவிட அடிக்கோல் பிடிக்கும். கால் இரண்டும் நேராக ஊன்றி நிற்கும் திருமால் படிமம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நேர் எதிரே நின்று, கேமராவைச் சிலையின் இடுப்பு மட்டத்தில் வைத்துப் படம் எடுத்து, ஒரு ஏ4 தாளில் பெரிதாக அச்செடுங்கள். கிரீடத்தின் கீழ் விளிம்பை நெற்றிமயிர்க் கோடாக வைத்து, அங்கிருந்து உள்ளங்கால் வரை அளந்தால் அது 120 பங்கு. உதாரணமாக 180 மில்லிமீட்டர் வந்தால் ஒரு பங்கு 1.5 மில்லிமீட்டர், முகம், அதாவது கிரீட விளிம்பிலிருந்து மோவாய் வரை, 20 மில்லிமீட்டரை ஒட்டி வர வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் ஒன்பதில் ஒன்று.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். கிரீடத்தையும் பத்மபீடத்தையும் உயரத்தில் சேர்த்துவிடுவார்கள். அல்லது கீழிருந்து படம் எடுப்பார்கள். கால் நீண்டு முகம் சிறுத்துவிடும். அல்லது இடுப்பு வளைந்த திரிபங்கச் சிலையை அளப்பார்கள். உடல் வளைந்த அளவுக்கு உயரம் குறைந்துபோகும். நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் கண்ட படிமத்தில் மூக்கும் மோவாயும் தேய்ந்திருக்கும், ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் பரவாயில்லை. பிறகு வீட்டுப் பெரியவர்களையும் சுவரோடு நிற்க வைத்து அதே போல அளக்கட்டும். கணக்கு ஒன்பதில் ஒன்றுக்குப் பக்கத்தில் வரும். வளரும் பிள்ளையான அவனுக்கு முகம் சற்றுப் பெரிய பங்காக இருக்கும். அளவு நம்முடையது, அங்கங்கள் மீனும் பூவும் என்பது அப்போது அவனுக்கே பிடிபடும்.

எழும்பூருக்கு இன்னொரு முறை போகும்போது அமராவதிப் பௌத்தத் தூபியின் சிற்பங்களை முதலில் பாருங்கள், அவசரப்படாமல். முற்பட்ட பலகைகளில் புத்தர் இருக்க வேண்டிய இடத்தில் காலி ஆசனமோ, போதி மரமோ, பாதச் சுவடோ இருக்கும். சுற்றிலும் கும்பிடும் மனிதர்கள் முழு உருவத்தோடு இருப்பார்கள். பிற்பட்டவற்றில் அதே இடத்தில் புத்தர் ஆளாக உட்கார்ந்திருப்பார். வெற்றிடத்தை வணங்கியது ஒரு காலம், முகத்தை வணங்கியது ஒரு காலம், இரண்டும் ஒரே தூபியில். அதன்பின் படிமக்கூடத்துக்கு வாருங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரி முன் மகனை நிறுத்தி, "எத்தனை கை?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று. சிவன் பாதிக்கு இரண்டு, உமை பாதிக்கு ஒன்று. உடை ஒரு காலில் குட்டை, மறு காலில் நீளம். திருவாலங்காட்டு நடராசருக்கு நான்கு கை: உடுக்கை படைப்பு, தீ அழிப்பு, அபயம் காப்பு, தூக்கிய காலைச் சுட்டும் கை அருள். கை கூடுவது உடம்பு கூடுவதற்காக அல்ல, செயலைச் சொல்வதற்காக. திருமுருகாற்றுப்படையும் முருகனின் ஆறு முகத்துக்கும் ஆறு வேலை பிரித்துக் கொடுக்கிறது: ஒன்று உலகுக்கு ஒளி தர, ஒன்று வரம் தர, ஒன்று வேள்வி காக்க, ஒன்று மறைபொருள் விளக்க, ஒன்று போர் செய்ய, ஒன்று வள்ளியோடு சிரிக்க. பீடங்களின் அடியையும் குனிந்து பாருங்கள். பல்லக்குத் தண்டு செருகும் ஓட்டையோ வளையமோ இருக்கும். தெருவில் நடந்த சாமி என்பதற்கு அதுவே அடையாளம்.

"அப்போ சிற்பிதானே சாமியச் செஞ்சான்?" என்று அவன் அடுத்துக் கேட்பான். அதற்கும் பழைய விடை உண்டு. மெசபொத்தேமியாவில் சிலைக்கு "வாய் கழுவும்" சடங்கு நடக்கும். செய்த கைவினைஞரின் கைகளைத் துணியால் கட்டி, மரவாளால் வெட்டுவது போலப் பாவனை செய்வார்கள். அவர், "இதை நான் செய்யவில்லை" என்று உறுதி சொல்ல வேண்டும். எகிப்தில் சிலைக்கு வாய் திறப்பு. நமக்குக் கண் திறப்பு: ஸ்தபதி பொன் ஊசியால் கருவிழிக் கோட்டைக் கீறிய பிறகுதான் கல்லோ ஐம்பொன்னோ சாமி. பேச வாயும் பார்க்கக் கண்ணும் திறக்கும் வரை அது வெறும் பொருள் என்பதில் மூன்று நாட்டாரும் ஒத்துப்போகிறார்கள்.

"அப்போ சாமி நெஜமா இல்லையா?" என்று கேட்டால், அது வேறு கேள்வி என்று நேராகச் சொல்லுங்கள். முகம் எப்படி வந்தது என்ற வரலாற்றிலிருந்து அதற்கு உண்டு என்றோ இல்லை என்றோ விடை எடுக்க முடியாது. யாஸ்கரும் செனோபனீஸும் முகத்தைக் கேள்வி கேட்டார்கள், வணங்கப்படுவதை அல்ல. அவன் வளர்ந்து தானே தேடிக்கொள்ளட்டும்.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறு நாளாகப் பார்த்துக் காலையிலேயே போங்கள். மாலையில் திருவல்லிக்கேணி. இதற்கு மாமனார்தான் வழிகாட்ட வேண்டும். மூலவருக்கு மீசை ஏன், கையில் சக்கரம் இல்லாமல் சங்கு மட்டும் ஏன், உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தில் அந்த வடுக்கள் ஏன் என்று பேரன் கேட்கட்டும். பீஷ்மரின் அம்பு பட்ட கதையைத் தாத்தா வாயால் கேட்டுவிட்டு, தீபாராதனை வெளிச்சத்தில் அந்தத் தழும்புகளைத் தேடிப் பார்க்கட்டும்.